நான் கண்ட கத்தி

அந்தப் பெடியனின் கையில் கத்தி இருந்ததை என் இரண்டு கண்ணாலும் கண்டேன் என்றே நான் நம்பினேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற மாதிரி மங்கலாக இல்லை. மரப்பிடி. பிடியில் பித்தளை ஆணி மூன்று. அலகில் வெயில் பட்டு மினுங்கியது. ஐந்தாம் மாடிக் குசினி யன்னலில் நின்றுகொண்டு, கீழே கார்கள் நிறுத்தும் இடத்தில் நின்ற ஒருவன் பொத்திப் பிடித்திருந்த கத்திப் பிடியின் ஆணிகளை எண்ணி முடித்த ஆள் நான். அதுவும் நாற்பத்திரண்டு வயதில், கண்ணாடி போடாமல். இன்றைக்கு இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது கேட்டவர்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அதை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்டு, அடுத்த வருஷம் கனடா வந்து, பார்க்டேல் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். நான், மனைவி, மனைவியின் தம்பி. இது நடந்தது எங்களுடைய மூன்றாவது கோடையில். அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வரவில்லை. வழக்கறிஞர் எங்களுக்குச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று: பொலிசின் கண்ணில் படாமல் இருங்கள். நான் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே கடைப்பிடித்தேன். தெருவில் பொலிஸ் கார் வந்தால் அருகில் இருக்கிற கடைக்குள் ஏறிவிடுவேன். அப்படி ஏறி, வேண்டாத சாமான் வாங்கிக்கொண்டு வந்த நாட்கள் பல. வீட்டில் நாய் இல்லை, நாய்ச் சாப்பாடு இருந்தது.

எங்கள் கதவுக்கு நேர் முன்கதவில் ஜமேக்காவில் இருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஒரே மகன். அவனுக்கு இருபது வயது வந்திருக்காது. நாங்கள் குடிவந்த நேரம் லிப்ட் வேலை செய்யவில்லை. பழைய சோபா ஒன்றை ஐந்து மாடிக்கும் தூக்கிக்கொண்டு ஏறியவன் அந்தப் பெடியன்தான். நான் அதன் குஷனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், திரும்பு, சரி, இடித்துவிடாதே என்று உத்தரவு போட்டேன். கட்டடத்துத் தமிழ்ப் பிள்ளைகள் என்னை அங்கிள் என்று கூப்பிடுவதைக் கேட்டு அவனும் அங்கிள் என்றான்.

அந்த அம்மாவின் வீட்டில் குட்டித் தொப்பி மாதிரி ஒரு மிளகாய் இருக்கும். யாழ்ப்பாணத்தான் மிளகாய்க்குப் பயப்படுகிறவன் இல்லை என்று வீரம் பேசி, ஒருநாள் அதில் ஒன்றை முழுசாகக் கடித்தேன். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. பெடியன் ஒரு பால் பெட்டியோடு ஓடிவந்தான். அன்று தொடக்கம் என்னை எங்கே கண்டாலும், அது லிப்டாக இருக்கட்டும், தெருவின் மற்றப் பக்கமாக இருக்கட்டும், நாக்கை வெளியே நீட்டி இரண்டு கையாலும் வாய்க்கு விசிறிக் காட்டுவான். என் மனைவி பக்கத்தில் நின்றால் இன்னும் பலமாக விசிறுவான்.

அவனைத்தான் ஒரு சனிக்கிழமை பின்னேரம், எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பேக்கரியின் கார் நிறுத்துமிடத்தில், பொலிசார் சுட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகமுதலே முடிந்துவிட்டது.

அன்று பொழுது படமுன்னரே நான் வீட்டைக் கிளப்பிவிட்டேன். பொலிஸ் ஓராளைச் சுட்டால் அடுத்தது என்ன? சுற்றிவளைப்பு. வீடு வீடாக ஏறி, ஆம்பிளைகளை வெளியே எடுத்து, வரிசையில் இருத்துவார்கள். சாக்கால் தலையை மூடின ஒருவனைக் கொண்டுவந்து முன்னால் விடுவார்கள். அவனுக்குப் பெயர் தலையாட்டி. அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். எனக்குத் தெரிந்த ஒழுங்கு அது.

“அத்தான், இஞ்சை சுத்திவளைப்பு ஒண்டும் இல்லை,” என்றான் மச்சினன்.

“உனக்கு ஆர் சொன்னது?”

“ஆரும் சொல்லேல்லை. ஆனா இல்லை.”

“ஆரும் சொல்லாததை நம்பிக்கொண்டு இருக்க ஏலுமே? சப்பாத்தைப் போடு.”

அகதிப் பத்திரங்களை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அரிசி மூடைக்குள் தாட்டேன். பிறகு அவை இல்லாமல் எப்படிப் போவது என்று தோண்டி எடுத்தேன். மனைவி குசினி முழுக்கக் கொட்டிய அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து நகரமான மிசிசாகாவில் என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனின் வீட்டு நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே நாங்கள் சுற்றிவளைப்புச் செய்தியை எதிர்பார்த்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் இருந்தோம்.

சுற்றிவளைப்பு வரவில்லை. வந்தது ஒரு பொலிஸ் பேச்சாளர். இளைஞனிடம் கத்தி இருந்ததாக நம்பப்படுகிறது என்றார்.

“ஓம்,” என்றேன் நான். “கத்திதான். மினுங்கினது.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணை, நீங்கள் கண்டனீங்களோ?” என்றான் ஒன்றுவிட்ட தம்பி.

“காணாமல்? என்ரை யன்னலுக்குக் கீழைதானே!”

அந்த நிமிடம் என் நெஞ்சில் இருந்து ஒரு பெரிய கல் இறங்கியது. கத்தி இருந்தால் சுட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தோடு சுடுகிற நாடு என்றால் அது வேறு நாடு, நான் விட்டுவிட்டு வந்த நாடு இல்லை. எனக்கு அந்தக் கத்தி தேவைப்பட்டது. ரீவி தந்தது, வாங்கிக்கொண்டேன். அன்றிரவு அதற்குப் பிடி போட்டேன். அடுத்த நாள் ஆணி அடித்தேன்.

இவ்வளவுக்கும் நான் செய்தி கேட்கத் தெரியாத ஆள் இல்லை. ஊரில் நாங்கள் வானொலி சொல்வதை அப்படியே எடுப்பதில்லை. ‘மோதலில் பயங்கரவாதிகள் பலி’ என்றால், யாருடைய பிள்ளை கடைக்குப் போய்த் திரும்பவில்லை என்று விசாரிப்போம். ‘ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன’ என்றால் அவரவர் வீட்டு மண்வெட்டி இருக்கிறதா என்று பார்ப்போம். கிழவிகளுக்குக்கூட இது தெரியும். அந்த மூளையை நான் விமானத்தில் மறந்துபோய் விட்டுவிட்டு இறங்கியிருக்க வேண்டும். இங்கே பத்திரிகைத் தாள் வெள்ளையாக இருந்தது. விடியக் கதவடிக்கு வந்தது. நிறப்படம் போட்டது. இவ்வளவு நல்ல தாளில் ஒருவன் பொய் அடிப்பானா?

அந்த நல்ல தாளில் அடுத்தடுத்த நாட்களில் படங்கள் வந்தன. முன்கதவு அம்மா பத்திரிகைக்காரரிடம் கொடுத்தது, பள்ளிக்கூடம் முடித்த அன்று கோட்டும் கழுத்துப்பட்டியுமாக எடுத்த படம். எனக்கு அது தெரியும், அவருடைய முன்னறையில் மாட்டியிருந்தது. அச்சில் வந்தது வேறு படம். ஏதோ விருந்தில், தலை சாய்ந்து, கண் பாதி மூடி, உதட்டைச் சுழித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் சுட்டவரின் படம். தொப்பி, பின்னால் கொடி, நேரான பார்வை. கீழே கொட்டை எழுத்தில் ‘கத்தி’ என்ற சொல். ‘நம்பப்படுகிறது’ என்பதை நாலாம் பந்தியில் தேடி எடுக்க வேண்டும். நான் தேடவில்லை.

சுற்றிவளைப்பு வராததால் நாங்கள் வீடு திரும்பியிருந்தோம். திங்களோ செவ்வாயோ ரீவிக்காரர் கட்டடத்துக்கு வந்தார்கள். வாசலில் கறுப்பினத்து அயலவர்கள் பலர் நின்றார்கள். அவர்கள் நெடுநேரம் பேசினார்கள், சிலர் அழுதார்கள். அதில் ஒரு சொல்லும் ரீவியில் வரவில்லை. கமராவோடு வந்த பெண் என்னைக் கண்டதும் கண்ணை விரித்தாள். நான் மச்சினனின் குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தேன். ஓகஸ்ட் மாதம். ரீவிக்குக் கோட்டோடு போவதுதான் மரியாதை என்று எனக்கொரு நினைப்பு.

நானும் நெடுநேரம்தான் கதைத்தேன். நல்ல பெடியன், சோபா தூக்கினவன், பால் கொண்டுவந்து தந்தவன் என்றேன். மிளகாய்க் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குப் புழுகம் வந்துவிட்டது. பிறகு அவள் கேட்டாள்: “அவன் கையில் ஏதோ மினுங்கியதைக் கண்டீர்களா? கத்தி மாதிரி?”

நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் வந்தது. சோபா வரவில்லை. பால் வரவில்லை. கோட்டுப் போட்ட ஒரு மண்ணிறத்து மனிதன் வேர்க்க வேர்க்கத் தலையாட்டுகிறான். கீழே, ‘அயலவர்’.

தமிழ் ஆட்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றுவிட்ட தம்பி அதை வீடியோவில் பிடித்து வைத்திருந்தான். கையில் வெறும் கசற் இல்லாததால், பழைய தமிழ்ப் படம் ஒன்றின் வாலில் ஏற்றியிருந்தான். விசயம் தெரியாத ஒருவன் பார்த்தால், காதலனும் காதலியும் சேர்ந்து, திரையில் ‘வணக்கம்’ போட்ட கையோடு நான் வந்து தலையாட்டுவேன். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினான்.

“அண்ணை, நல்ல வேலை செய்தியள்,” என்றார் அங்கே வந்த ஒருவர். “இல்லாட்டி வெள்ளையள் எங்களையும் உந்தக் கறுவலுகளோடை சேத்தெல்லோ பாப்பாங்கள்.”

“எங்கட நிறத்துக்கு இப்ப எப்பிடிப் பாக்கிறாங்களாம்?” என்று மனைவி அடுப்படியில் இருந்து கேட்டாள். அவர் அதைக் கேளாதது மாதிரித் தேத்தண்ணியைக் குடித்தார்.

“திருப்பி ஒருக்கால் போடு,” என்றார்கள். போட்டான். நான் மறுபடியும் தலையாட்டினேன். மூன்றாம் தரமோ நாலாம் தரமோதான் என் தலையை நான் சரியாகக் கவனித்தேன். அந்த ஆட்டலை நான் முன்னமே கண்டிருக்கிறேன். சாக்குக்குள் இருந்து, கண்ணுக்கு வெட்டின இரண்டு ஓட்டையால் பார்த்துக்கொண்டு, மெதுவாக, மேலும் கீழும். எனக்குச் சாக்குக்கூடத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தலை என்னை எங்கேயும் விடவில்லை. நான் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகளை மடிக்கும் மேசைக்கு மேல் ஒரு வானொலி தொங்கும். காலையில் சனங்கள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சண்டை பிடிக்கிற நிகழ்ச்சி. பொலிஸ் ஆட்களைப் பார்த்துச் சுடுகிறதா, நிறத்தைப் பார்த்துச் சுடுகிறதா என்று ஒருத்தி கேட்பாள். உடனே ஒருவன் வந்து, “இதில் நிறம் எங்கே வந்தது? பார்த்தவனே வெள்ளையன் இல்லையே, ஓர் ஆசியக் குடியேறி, அவனே கத்தியைக் கண்டிருக்கிறானே,” என்பான். அடுத்தவனும் அதையே சொல்வான். பத்திரிகையில் ஆசிரியருக்கு வந்த கடிதங்களிலும் நான் இருந்தேன். எனக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. ஒரு தலையாட்டலாக மாத்திரம் ஊர் முழுக்கத் திரிந்தேன். பொலிசின் கண்ணில் படாமல் இருக்க நாய்ச் சாப்பாடு வாங்கியவன், பொலிசின் கேடயமாகிவிட்டேன்.

மேற்பார்வைக்காரன் என் தோளில் தட்டினான். “உங்கடை ஆட்கள் நல்லவர்கள். கஷ்டப்பட்டு உழைப்பவர்கள். அவர்களைப் போல இல்லை.”

விரிப்புகளை அழுத்தும் இயந்திரம் நீராவி விடும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் போடும். இரண்டு வருஷம் பழகின சத்தம். அந்த வாரம் தொடக்கம், அது போடும் ஒவ்வொரு தரமும் என் முழங்கால் தானாக மடிந்தது. ஏன் மடிகிறது என்று நான் என்னையே கேட்கவில்லை. நாற்பது தாண்டினால் முழங்கால் தேயும் என்று எண்ணெய் பூசினேன்.

வீட்டில் குசினி யன்னலுக்குத் தடித்த துணி ஒன்றை ஆணி அடித்து மூடினேன். அப்படியும் கறிக்கு வெட்ட நின்றால், பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். திரும்பினால் ஒருவரும் இல்லை. கீழே, நிலத்தில், பெடியன் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு என்னையே பார்க்கிற மாதிரி ஒரு நினைப்பு வரும். ஏன் நிலத்தில்? அவன் எங்கள் குசினி நிலத்தில் ஒருநாளும் படுத்ததில்லையே? அதையும் நான் கேட்கவில்லை. மனைவியைக் கறி வெட்டச் சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்துவிட்டேன்.

இலை நிறம் மாறத் தொடங்கிய நேரம் முன்கதவு அம்மா எங்கள் கதவைத் தட்டினார். அவர் வேலைச் சட்டையோடு நின்றார். அதுவரையும் லிப்டில் கண்டால் இரண்டு பேருக்குமாக ஐந்தாம் இலக்கத்தை அழுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்.

உள்ளே வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

“மிஸ்டர்,” என்றார். “மரண விசாரணை வருகிறது. பொலிஸ் தரப்பு உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடும். அவர்கள் கத்தி ஒன்றும் கண்டெடுக்கவில்லை. யாரோ எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம் என்கிறார்கள். கத்தியைக் கண்ட வெளியாள் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கண்டேன் என்று சொன்னால், என் மகன் கத்தியோடு பொலிசை வெட்டப் போனவன் என்றுதான் எழுதுவார்கள். அது எழுதினபடி இருக்கும். நான் உங்களோடு சண்டை பிடிக்க வரவில்லை. எனக்கு அந்த யன்னலில் ஒருக்கால் நிற்க வேண்டும்.”

நான் துணியைக் கழற்றினேன். அவர் போய் நின்றார். நான் பின்னால் நின்று, வலது கை, மரப்பிடி, மினுங்கினது என்று சொல்லிக்கொண்டே போனேன். பயம் வந்தால் எனக்கு வாய் மூடாது. அவர் கழுத்தை நீட்டி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு கையால் யன்னற் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“என் பூக்கள் எங்கே?” என்றார்.

“என்ன பூ?”

“அவன் விழுந்த இடத்தில் ஒவ்வொரு சனியும் பூ வைக்கிறேன். இன்று காலையும் வைத்தேன். எங்கே அது?”

நானும் எட்டிப் பார்த்தேன். கார்கள் தெரிந்தன. பேக்கரியின் பின்சுவரில் பாதி தெரிந்தது. மற்றப் பாதியையும் அதற்குப் பின்னால் இருந்த மூலையையும் பேக்கரியின் தகரக் கூரை மறைத்துக்கொண்டிருந்தது. பூ தெரியவில்லை. எந்தப் பக்கம் சரிந்து பார்த்தாலும் தெரியவில்லை. மனிதன் நின்றாலும் தெரியாது.

எனக்கு வாய் அப்போதுதான் மூடியது.

மனைவி ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிடக் குறைவு. அதனால் என்னோடு தமிழில்தான் தொடங்கினாள்.

“இஞ்சேருங்கோ, அண்டைக்கு நீங்கள் எங்கை பாத்தனீங்கள்? வெடி கேக்கேக்கை நீங்கள் குப்புறக் கிடந்தனீங்கள். உந்த இடத்திலை. உந்தச் சிங்குக்குக் கீழை தலையை விட்டுக்கொண்டு.”

“நானோ?”

“இல்லை, நான்! பொலிஸ் கார் வாறதைக் கண்டோடனை யன்னலை விட்டுப் பின்னாலை வந்தனீங்கள். வெடி கேட்டுது, விழுந்தியள். உங்களுக்குத்தான் பட்டுப்போச்சோ எண்டு நான் குழறினனான். எழும்பவே மாட்டனெண்டு கிடந்தனீங்கள்.”

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“சொன்னனான். மிசிசாகாவிலை சொன்னனான், நீங்கள் ரீவி பாத்துக்கொண்டு இருந்தியள். பிறகு நீங்கள் ஆக்களுக்குக் கதை சொல்லேக்கை நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். பேப்பர்காரன் வந்தான், ரீவிக்காரி வந்தாள். ஆர் என்னைக் கேட்டவை?”

“அப்ப கத்தி?”

அவள் லாச்சியை இழுத்தாள். எங்கள் கறிக்கத்தியை எடுத்து மேசையில் வைத்தாள். மரப்பிடி. பித்தளை ஆணி மூன்று.

“கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டெல்லோ நிண்டனீங்கள். கத்தியோடைதானே விழுந்தனீங்கள். கண்ணுக்குப் பக்கத்திலை கிடந்தது. தட்டுப்பட்டுக் குருடாகேல்லை எண்டு நான் நேர்த்தி வைச்சிருக்கிறன், தெரியுமோ?”

நிலத்தில் கன்னம் வைத்துப் படுத்திருந்தவன் நான். கண்ணுக்கு முன்னால், லினோலியத்தில், வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு கிடந்தது என் கத்தி. அந்தக் கத்தியைத்தான் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்திருக்கிறேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மிச்சமும் நினைவுக்கு வந்தது. பொலிஸ் கார் வருவதற்குச் சற்று முன் நான் யன்னலால் பார்த்தேன். அவன் சுவரில் சாய்ந்து நின்றான், அந்தத் தெரிகிற பாதியில். நிமிர்ந்து என்னைக் கண்டான். நாக்கை நீட்டி, இரண்டு கையாலும் வாய்க்கு விசிறினான். நான் பதிலுக்கு, வெட்டிப்போடுவேன் என்று கத்தியை ஆட்டிப் பகிடி காட்டினேன். அவன் சிரித்தான்.

அந்த அம்மாவுக்கு இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. விசிறியதை நடித்துத்தான் காட்டினேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

“இரண்டு கையாலுமா?” என்றார்.

“இரண்டு கையாலும்.”

“இதை அங்கே சொல்வீர்களா?”

என் மனைவிக்கு அந்த ஆங்கிலம் விளங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்றேன். என் முழங்கால் மடிந்தது. அதற்கு அன்று இயந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை.

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். “அத்தான், முதல் கண்டனான் எண்டியள். இப்ப இல்லையெண்டு பொலிசுக்கு எதிரா நிண்டு சொல்லப்போறியள். எங்கட கேசைக் குழப்பி எல்லாரையும் திருப்பி ஏத்தப் போறாங்கள்.” வழக்கறிஞரிடம் கேட்டேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, சொல்லும்போது யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். யோசித்தேன். விசாரணை நாள் காலையில் இரண்டு பெனியனும், இரண்டு சோடி காலுறையும், ஒரு போர்வையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். சாட்சி சொன்ன கையோடு பிடிப்பார்கள் என்றே நம்பினேன். வாசலில் பையைச் சோதித்த அதிகாரி, “பயணமா?” என்று கேட்டார். “தெரியாது, சேர்,” என்றேன்.

எங்கள் நாட்டில் அப்போது, சுடப்பட்டவனை விசாரணை வைக்காமலே எரிக்கலாம் என்று அவசரகால விதி இருந்தது. இங்கே ஒரு மண்டபம், ஜூரிகள், தண்ணீர்க் குவளைகள், முன்வரிசையில் அந்த அம்மா. எனக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். மானமுள்ள மனிதர். வெடி கேட்டபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

“குப்புற விழுந்து சிங்குக்குக் கீழை தலையை விட்டனான்,” என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், சாட்சி பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்தார் என்றார்.

“நோ, சேர்,” என்றேன் ஜூரிகளைப் பார்த்து. என் சொந்த ஆங்கிலத்தில் தொடர்ந்தேன். “நிலம். மூக்கு நிலத்தில். ஒன்றும் பார்க்கவில்லை. கத்தி என்னுடையது.”

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். முன்வரிசையில் அந்த அம்மா சிரிக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கையாலும் விசிறிக் காட்டினேன். பொலிஸ் தரப்பு வழக்கறிஞர் எழும்பினார். உங்களை யாராவது வெருட்டினார்களா, அந்தச் சமூகத்தவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தார்களா என்று கேட்டார். வந்தார், பூ தெரிகிறதா என்று பார்க்க வந்தார் என்றேன்.

என்னை ஒருவரும் பிடிக்கவில்லை. பெனியன்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் பத்திரிகையில், உள்பக்கத்தில், ‘அயலவர் கதையை மாற்றினார்’ என்று சின்னதாகப் போட்டிருந்தது. யன்னலால் அந்த இடம் தெரியாது என்பது அதில் இல்லை. வானொலியில் ஒருவன் கூப்பிட்டு, குடியேறிகளின் வார்த்தையை எப்படி நம்புவது என்றான். நான் தலையாட்டினபோது நம்பினவன்தான். மேற்பார்வைக்காரன் தோளில் தட்டுவதை நிறுத்தினான். ஒன்றுவிட்ட தம்பியின் கசற்றில் நான் தொடர்ந்தும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அழிக்கச் சொல்லிக் கேட்டேன், படமும் சேர்ந்து அழிந்துவிடும் என்றான்.

ஜூரி, பொலிசாருக்கு இன்னும் நல்ல பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கத்தி இருந்தது என்று எழுதவில்லை. அந்த அம்மா அதை என் மனைவியிடம் வந்து சொன்னார், என்னிடம் இல்லை. யார் மேலும் வழக்குப் போடவில்லை. பனி கரைந்த நேரம் அவர் வீடு மாறிப் போனார். எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் கோரிக்கை பிறகு ஏற்கப்பட்டது. அந்த விசாரணையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். வேலை முடிந்து கடைச் சாமான்களோடு தாய் ட்ராம் வண்டியில் வந்து இறங்குவார் என்று, பைகளைத் தூக்க அவன் கீழே போய் நின்றான். வேறு ஒருவனைத் தேடிக்கொண்டு வந்த பொலிசார் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் பேக்கரிச் சுவரின் மற்றப் பக்கம் நடந்தான். நிற்கச் சொன்னார்கள், நின்றான். கையை உயர்த்தச் சொன்னார்கள். குண்டு வலது கைக்குக் கீழே, விலாவால் உள்ளே போயிருந்தது. கை உயர்ந்திருந்தால் மாத்திரமே அது அப்படிப் போகும் என்று உடலைப் பரிசோதித்த வைத்தியர் சாட்சி சொன்னார். கையில் ஒன்றும் இருக்கவில்லை.